மகள் வந்து பார்க்கட்டும் என்று இருந்தவர்

தேயிலைக் கொழுந்து பறித்தவர்களுக்கு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் கிடையாது. சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுவோம், அதுவும் அடுத்த மழை வரைக்கும்தான். மலர் என்பது தலைவர்களுக்கும் பஜார் முதலாளிமார்களுக்கும் உரியது. தங்கச்சியின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, "ரிட்டயராகியும் பெரியவருக்கு பேப்பர் ஆசை போகல" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தவரை "ஏ புள்ள" என்று கூப்பிட்ட ஒருத்தியை "அவர்" என்று எழுத எனக்கு இதைவிட்டால் இடமில்லை.

தங்கச்சி பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம், மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்றிருந்தது, அந்த ஒருவர் நான் என்று ஆனது. நான் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிரதம எழுதுநராகி, டிக்கோயாவில் வீடு கட்டிக்கொண்டேன். தங்கச்சி மலையிலேயே இருந்தார். மகள் சுகந்திக்கு நாலு வயதாகும்போது மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களம், பகலெல்லாம் கூடை, சாயந்தரம் அந்தப் பிள்ளையின் புத்தகப் பை. வேறு வாழ்க்கை இருந்ததாகத் தெரியவில்லை.

உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாளும் சொன்னவரல்ல. இதை நற்குணமாக எழுதுவதுதான் மலர்களின் வழக்கம். ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் இருந்தவன் சொல்கிறேன், அது நற்குணம் அல்ல.

சுகந்திக்கு மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்த அன்று லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். தோட்டத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத தலைவர் ஒருவர் வந்து பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் டாக்டரம்மா. பரீட்சை முடிவு வந்ததற்கும் முதல் நாள் வகுப்புக்கும் நடுவில் நம் நாட்டில் ஒரு பிள்ளை பிறந்து நடக்கப் பழகிவிடலாம். அந்த இடைவெளியில்தான் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது தங்கச்சியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு என்று பின்னால் சொன்னார். யாரிடமும் காட்டவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டதற்கு என்னையே முறைத்தார்.

"ஆம்பள டாக்டருக்கு எதுக்குண்ணே காட்டணும்? டாக்டர நானே பெத்து வச்சிருக்கேன். அது போய்ப் படிச்சிட்டு வந்து பாக்கட்டும்னு இருந்தேன்."

படித்துவிட்டு வர ஐந்து வருடம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இருந்திருப்பார்.

பீடத்தில் சீனியர்கள் சுகந்திக்கு வைத்த பெயர் தேத்தண்ணி. "தேத்தண்ணி, எங்களுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டு வாரும்" என்பார்களாம். பின்தங்கிய மாவட்டத்து ஒதுக்கீட்டில் வந்தவள் என்று ஆங்கிலத்திலும் சொல்வார்களாம். பாடம் முழுக்க ஆங்கிலம் என்பதால், ஆரம்பத்தில் அவளுக்கு விளங்கிய கொஞ்சச் சொற்களில் அதுவும் ஒன்று. அம்மாவிடம் அவள் இதையெல்லாம் சொன்னதில்லை. போனில் பாடத்தைப் பற்றித்தான் பேச்சு.

"இன்னைக்கு என்னா படிச்சுக் குடுத்தாங்க?"

"கை, அம்மா."

"கையா? அதுக்கா அவ்வளவு தூரம் போன? எங்கிட்ட கேட்டா நானே சொல்லியிருப்பேனே."

"கையின்னா கை மட்டுமில்லம்மா. நெஞ்சு, அக்குள், எல்லாம் சேத்துதான் மொதல்ல."

அதோடு பாடப் பேச்சை விட்டுவிட்டாராம் தங்கச்சி. அப்புறம் ஒரே கேள்வி. "லீவு எப்ப?"

லீவுக்கு வந்தவளை வெள்ளைக் கோட்டைப் போடச் சொல்லி வாசலில் நிறுத்தினார் தங்கச்சி. லயமே வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வமணி முழங்காலைத் தூக்கிக் காட்டினார்.

"டாக்டரம்மா, இந்த முட்டிய என்னான்னு பாரு."

"சித்தி, நா இன்னும் காலுக்கே வரல!"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சிதான் அதிகம் சிரித்தாராம். எல்லோரும் போனபின் கதவைச் சாத்தினார். சுகந்தி கோட்டைக் கழற்றப் போக, "போட்டுக்கிட்டே பாரு" என்றார்.

முதல் வருடத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் தெரியாது. இருதயம் தெரியாது, வயிறு தெரியாது, காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாது. அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் ஒரே ஒரு பாடத்தைத்தான் படித்திருந்தாள், அம்மா அந்தப் பாடத்தையே திறந்து காட்டினார்.

அன்று சாயந்தரம் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். ஸ்வெட்டருக்குள்ளே கோட்டு அப்படியே இருந்தது.

"மாமா, அக்குள்லயும் தட்டுப்படுது. அந்த எடத்துக்கெல்லாம் பேரு தெரியும் எனக்கு. டெஸ்டுக்குப் படிச்சேன்."

"அம்மாகிட்ட என்னா சொன்ன?"

"வெறும் கொழுப்புக் கழலை மாதிரி இருக்குன்னேன். நம்பல. நா ரெண்டாந்தரம் அக்குளத் தொட்டதப் பாத்துட்டாங்க."

மறுநாளிலிருந்து எல்லாம் முறைப்படி நடந்தது. எந்தக் கிளினிக், எந்த வரிசை, சதைத் துண்டு எடுத்த ரிப்போர்ட்டை யாரிடம் கேட்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது எப்படி, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு தாள் பிந்தவில்லை. என் தங்கச்சி எந்தக் குறையுமில்லாத நடைமுறைப்படி செத்துப்போனார்.

பெரிய டாக்டர், முதலில் பார்த்தது யார் என்று கேட்டார். தங்கச்சி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எம் மகதான் சார், டாக்டருக்குப் படிக்குது" என்றார். எத்தனையாம் வருடம் என்று அவர் சிங்களத்தில் கேட்க, சுகந்தி ஒரு விரலைக் காட்டினாள். அதன்பிறகு அவர் எங்களிடம் பேசவில்லை, அவளிடமே பேசினார். எலும்புக்குப் போய்விட்டது என்றார்.

கடைசி நாட்கள் லயத்திலேயே கழிந்தன. வலி மருந்தை மகள்தான் கொடுத்தாள். வாய் பேச முடிந்த வரைக்கும் தங்கச்சி அவளை விரட்டிக்கொண்டிருந்தார்: "இங்க என்னா ஒக்காந்திருக்க? போ. காலு படிக்கணுமில்ல?" அவள் போகவில்லை. விடுப்புக்கு நான் முறைப்படி ஏற்பாடு செய்தேன். ஒரு வருடத்துக்கு மேல் போனது, கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள்.

காரியம் முடிந்தபின் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. விடுப்பு முடியும் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விடுப்பு முடிந்தது, போகிறாள், அவ்வளவுதான். கீழ் பெட்ச்சோடு மறுபடி முதல் வருடம், மறுபடி முதல் பாடம்.

"காலுலேருந்து ஆரம்பிக்கிறேன்னு கேக்க முடியாதா மாமா?" என்றாள். எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை என்று பெயர். அதற்கு ஒரு நடைமுறை இல்லை.

தங்கச்சியை நாற்காலியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிவந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், வார்டில் அவருக்குத் தலை சீவிவிட்ட நர்ஸம்மாவுக்கும், குளிப்பாட்டி உடுத்தி அனுப்பிய செல்வமணிக்கும் குடும்பத்தின் நன்றி. பொன்னாடை போர்த்தியவர் வரவில்லை, அவருக்கும் நன்றி. சாவு வீட்டில் இடம் போதாமல்தான் இருந்தது.

போன வாரம் பீடத்துக்குத் திரும்பும் சுகந்தியோடு பையைத் தூக்கிக்கொண்டு நான் ரோட்டுக்கு இறங்கும்போது லயத்து அம்மா ஒருவர், பெயர் வேண்டாம், அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"கண்ணு, எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. நீ படிச்சு முடிச்சிட்டு வா, ஒங்கிட்டயே காட்டுறேன்."

"ஐயோ, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நா இன்னும் மொத வருசந்தான்."

"அதுக்கென்னா? ஒங்கம்மாவுக்குச் சரியாத்தான சொன்ன."

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் வந்துவிட்டது.

நான் அந்த அம்மாவோடு இரண்டு முறை பேசிவிட்டேன். சிரிக்கிறார். இந்த மலரில் ஒன்று அவருக்கும் கொடுக்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்: அந்தப் பிள்ளை இன்னும் காலுக்கே வரவில்லை. அவளுக்காகக் காத்திருக்காதீர்கள்.