லாடம் குறையட்டும்

அண்ணி ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். குழாயைச் செருகினால் ஒரு நிமிடத்தில் எண்ணைச் சொல்லும் மெஷின் அங்கே இருக்கிறது. ஆனாலும் காய்ச்சல்காரர் யாருடைய ரத்தம் வந்தாலும் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றி, தன் கண்ணால் பார்க்காமல் அண்ணி கையெழுத்துப் போடமாட்டார். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் வந்த குழாய் என் அண்ணனுடையது. லாரி ஓட்டுகிறவர், ஆணி மிதித்த காலோடு நாலு நாள் வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டியிருக்கிறார். குளிரில் உதறிக்கொண்டு வந்தவரின் வெள்ளை அணுக்கள், மெஷின் கணக்கில், சரியாகவே இருந்தன. டாக்டர் மாத்திரை எழுதினார். அண்ணன் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி மாடியேறி வார்டுக்கே வந்துவிட்டார்.

"டாக்டர், இவர அனுப்பாதீங்க."

"எண்ணிக்கை நார்மல்தானே மேடம்? சொந்த வீட்டுக்காரர்னா பயம் வரத்தான் செய்யும்."

"பயமில்ல. மெஷின் தலையத்தான் எண்ணும், வயசு கேக்காது. வந்து பாருங்க."

டாக்டர் கீழே கூடத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். முற்றிய வெள்ளை அணுவின் கரு மூன்று நான்கு துண்டாக இருக்கும். இங்கே பாதிக்கு மேல் லாடம் போல வளைந்த ஒற்றைக் கரு, இன்னும் முற்றாத பிஞ்சு. முற்றியவை எல்லாம் காலுக்குப் போய் மாண்டுகொண்டிருந்தன; எலும்பு மஜ்ஜை பிஞ்சுகளை அனுப்பி எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருந்தது.

அடுத்த தகட்டில், ரத்தத்தோடு வந்திருந்த காலின் சீழ். ஒவ்வொரு கிருமியைச் சுற்றியும் சாயம் ஏறாத வளையம். வழவழப்பான உறை அது; விழுங்க வரும் அணுவின் பிடி வழுக்கிவிடும். உடம்பும் சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் மிதக்கும் புரதங்களைக் கிருமியின்மேல் ஒட்டிக் கைப்பிடி போட்டுக் கொடுக்கும். உறை தடித்தால் அந்தக் கைப்பிடியும் உள்ளே புதைந்துபோகும்.

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்தார். "சீழை இப்பவே கீறி எடுத்துரலாம். மருந்து நரம்புல ஏறட்டும்."

அண்ணன் தினமும் அண்ணியிடம் கேட்டார்: "எப்பத்தான் விடுவே?"

"லாடம் குறையட்டும்."

"நான் என்ன குதிரையா?"

"குதிரையா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும். முதல் நாளே நொண்டிக் காட்டியிருக்கும்."

ஆறாம் நாள் மெஷின் எண் வந்ததும் டாக்டரே கீழே போன் போட்டார்: "இது சரி, சந்தேகம் மேடம் என்ன சொல்றாங்க?"

அண்ணி அன்றைய தகட்டில் லாடங்களைத் தேடினார்; ஒன்றிரண்டுதான் இருந்தன. மாடியேறி வந்து, கட்டிலடியிலிருந்து ஒரு செருப்பை மட்டும் எடுத்து அண்ணன் முன் வைத்தார். இன்னொரு காலில் கட்டு இருந்தது.