மிதிக்க வந்த கால்

என் தங்கச்சிக்குப் பதினைந்து வயதில் இடுப்பிலிருந்து இடது காலின் பெருவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல வலி வந்தது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்தில் அதற்குக் காரணம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது வாயு. வகுப்பு டீச்சருக்கு அது பரீட்சைப் பயம். தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு சுத்தமாக இருந்ததால் நோயே இல்லை என்று முடித்துவிட்டார். எலும்பைக் காட்டும் படத்தில் நரம்பு தெரியாது. கொழும்பில் ஸ்கேன் எடுக்கும் வேலை பார்க்கும் நான் இதை ஃபோனில் சொன்னேன். படித்த திமிர் என்றார்கள்.

பௌர்ணமிப் போயா லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது தங்கச்சி சாக்கின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் மாமா ஒருவர் நின்றார். தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வர, தலை பிறகு வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது லயத்து நம்பிக்கை. பிறக்கும்போதே வழி தெரியாதவரிடம் ஒரு பிள்ளையின் முதுகெலும்பை ஒப்படைத்திருந்தார்கள். மிதிப்பதற்காகக் கழுவிய காலை அவர் தூக்கிவிட்டார்.

"மாமா, கால கீழ வைங்க. அவ மேல இல்ல, தரையில."

"கங்காணியவே மிதிச்சேன் புள்ள. இப்ப மல ஏறுறாரு."

தங்கச்சியைத் திருப்பிப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினேன். கொஞ்சம் உயர்ந்ததுமே பல்லைக் கடித்தாள். பெருவிரல்களை முகத்தை நோக்கி மடக்கச் சொன்னேன். வலது விரல் மடங்கியது. இடது விரல் அசையவே இல்லை. அதை அம்மாவும் பார்த்தார். மறுநாளே கொழும்புக்கு பஸ் ஏறினோம்.

ஸ்கேனில் நரம்பு வேரை நெருக்கிக்கொண்டு, கடலை அளவில் ஒரு நீர்க்கட்டி. இந்த வயதில் அரிது, ஆனால் தள்ளிப்போட்டால் விரல் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கட்டியை எடுக்கச் சம்மதித்தார்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிச் சில வாரம் கழித்து மாமா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். தங்கச்சி கட்டிலில் இருந்தபடியே இடது பெருவிரலை மெல்ல உயர்த்திக் காட்டினாள்.

"பாத்தியாம்மா," என்றார் மாமா, அம்மாவிடம். "நான் மிதிக்கக்கூட இல்ல. கால தூக்குனதுக்கே கட்டி பயந்துருச்சு."

அம்மா பழத்தை வாங்கிக்கொண்டார். நான் மாமாவின் காலைப் பார்த்தேன். அன்றைக்கும் வாசலில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்.