சென்டர் ஸ்டாண்டில் கட்டிய மூட்டை

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் 'கீறல்' என்று பெயர். ஜன்னல் கண்ணாடி செய்யும் இடம். பேக்கிங் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறார். பத்தடி தள்ளி நின்றே கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை. அதனால் ஏறிய தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. நான் ஒரு போர்வையை மடித்து வைத்தாலும் பிரித்து மறுபடி மடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளுக்குப் பிரசவத்துக்குப் பத்து நாள் இருந்தது. அவள் இருக்கும் ஊர் எழுநூறு கிலோமீட்டர். பஸ்ஸில் போய்விடலாம் என்றேன். "கல்யாணமான புதுசுல பைக்ல தூரமா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல?" என்று ஆரம்பித்தார். இருபத்தேழு வருஷம் கழித்து ஞாபகம் வந்திருக்கிறது மனுஷருக்கு! மகள் போனில் ஒன்றுதான் சொன்னாள்: "ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்கம்மா, அது போதும்." 

குறை சொல்லக்கூடாது, ஒரு வாரம் உழைத்தார். டயர் புதுசு, செயின் புதுசு. பக்கப் பைகள் இரண்டையும் எடை மெஷினில் மாற்றி மாற்றி வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். கனமான கருவிகள் அடியில், மழைக்கோட்டு கைக்கெட்டும் இடத்தில், வண்டிக் காகிதங்கள் பிளாஸ்டிக் உறைக்குள். கடைசியாகப் பெரிய பையைக் கேரியரில் வைத்து, அதன்மேல் நைலான் பெல்ட்டைப் போட்டார். பெல்ட்டின் இரண்டு கொக்கிகளையும் கீழே, பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் மாட்டி இழுத்தார். சுண்டினால் 'டங்' என்றது. பெருமை தாங்கவில்லை, என்னையும் ஒரு தடவை சுண்டிப் பார்க்கச் சொன்னார்.

சாயங்காலம் என் தம்பி வந்தான். பஸ் டிரைவர். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"மாமா, இப்ப சென்டர் ஸ்டாண்டுல நிக்குது. கீழ இறக்கி, நீங்களும் அக்காவும் ஏறி உக்காந்து பெல்ட்ட ஒரு தடவை பாத்துடுங்க."

"எனக்கே பேக்கிங் சொல்லித் தர்றியா?"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பேக்கிங் விஷயத்தில் அந்த வீட்டில் நான் வாயைத் திறந்து எத்தனையோ காலம் ஆகிறது. அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே இன்னும் இருக்கிறது.

விடிந்ததும் கிளம்பினோம். தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போக வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நாற்பது கிலோமீட்டர் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பாலம். அதன் இணைப்பில் வண்டி தூக்கிப் போட்டது.

வெயில் ஒரு பக்கமிருந்து சாய்வாக அடித்தது. மறுபக்கம் எங்கள் நிழல் ரோட்டில் கூடவே ஓடிவந்தது. அந்த நிழலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏதோ வால் மாதிரி ஆடியது. குனிந்து பார்த்தேன். பெல்ட்டின் ஒரு முனை கழன்று, கொக்கியோடு சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, மேலே தொய்ந்து கிடந்த பெல்ட்டைப் பற்றி இழுத்து, கையில் சுற்றிக்கொண்டேன். இடுப்பிலிருந்த கையை எடுத்துத் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். தடித்த ஜாக்கெட்டுக்குள் மனுஷருக்கு உறைக்கவே இல்லை. லாரி முந்தப் பார்க்கிறது என்று வேகத்தை வேறு கூட்டினார். கத்தினேன், காற்று கொண்டுபோனது. முனை இன்னும் சக்கரத்தில் உரசி இழுக்க, கையில் சுற்றிய பெல்ட் இறுகிக்கொண்டே வந்தது. விரல் போனாலும் போகட்டும், மகளைப் பார்க்காமல் போகக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். என் ஹெல்மெட்டால் அவர் ஹெல்மெட்டில் ஓங்கி முட்டினேன். ஒரு முட்டு, இரண்டு முட்டு.

ஓரங்கட்டி நிறுத்தினார். "பைத்தியமா உனக்கு?" என்று திரும்பியவர் என் கையைப் பார்த்தார். பெல்ட் முனை பிய்ந்து நாராகத் தொங்கியது. அவராலேயே என் விரல்களைச் சட்டென்று பிரிக்க முடியவில்லை.

வண்டியின் இன்னொரு பக்கம் போனார். என்னை உட்காரச் சொல்லி, அந்தப் பக்கம் கொக்கி இன்னும் மாட்டியிருந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். தொளதொளவென்று கிடந்தது. இறங்கச் சொல்லி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். விறைத்துக்கொண்டது. மறுபடி இறக்கி உட்கார வைத்தார். தொளதொள. ஆள் ஏறினால் ஷாக் அப்சார்பர் அமுங்கும், சக்கரக் கம்பி மேலே ஏறும். அந்தரத்தில் தொங்கிய சக்கரத்தை வைத்து இறுக்கிய பெல்ட் எப்படி நிற்கும்? அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடிப் பெட்டி மேல யாரும் ஏறி உக்கார மாட்டாங்க" என்றார். "அதனால எனக்குத் தோணவே இல்ல."

"தம்பிக்குத் தோணுச்சே. சொன்னானே!" என்று கத்தினேன். அழுகையும் வந்தது.  அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த ஹெல்மெட்டாலேயே அடித்திருப்பேன்.

பையிலிருந்து வேறு பெல்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ கட்டு."

"கை வீங்கிக் கெடக்கு. நான் சொல்றேன், நீங்க கட்டுங்க."

இரண்டு கொக்கியும் கேரியரிலேயே இருக்க வேண்டும் என்றேன். மாட்டினார். தொங்கும் வாலைச் சுருட்டி உள்ளே செருகச் சொன்னேன். செருகினார். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து நன்றாக ஆட்டிப் பார்த்தோம். பை அசையவில்லை. ஆனால் கிளம்பலாம் என்றதும் கீழே இறங்கி நின்றுகொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றார்.

இருபத்தேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. அதற்கப்புறம்தான் ஏறி உட்கார எனக்குத் தைரியம் வந்தது.