ராணி மூடிய சன்னல்

போன வாரம் ஆபீசில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். நிரல் எழுதுவதற்கான பைத்தானை ஏற்றிவிட்டு, கட்டளை அடிக்கிற கறுப்புச் சன்னலைத் திறந்து, சரியாக ஏறியிருக்கிறதா என்று பதிப்பு எண்ணைக் கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில். பக்கத்து மேசைக்காரர் ஏலக்காய் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையும் கறுப்புச் சன்னலும் சேர்ந்தால் போதும், நான் குமுளிப் பக்கம் எங்கள் ஊரான சக்குபள்ளத்துக்கு மேலே ஒரு பாறையில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

டீயில் வரும் ஏலக்காய் வாசனை வேறு, தோட்டத்தில் காயை உலர்த்துகிற ஸ்டோரில் வருவது வேறு. அது துணியில் ஏறினால் ரெண்டு துவைப்புக்கும் போகாது. காலேஜில் என்னைக் கண்டாலே "பாயசம் வந்தாச்சு" என்பார்கள். அப்போது கோபம் பொத்துக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு ராணிக்கும் அதே பட்டம்தான், அவளோ சிரிப்பாள். எங்கள் அம்மாக்கள் ஒரே தோட்டத்தில் காய் எடுத்தவர்கள்.

படிப்பு முடிந்ததும் கொச்சியில் ஒரு கம்பெனி எங்கள் இருவரையும் பயிற்சிக்கு எடுக்கச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை. பைத்தான் வேலை செய்கிறது என்பதற்கு, பதிப்பு எண்ணும் அவரவர் பெயரும் தெரிகிற படத்தை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்கு. இருப்பதோ ராணியின் அண்ணன் லேப்டாப் ஒன்று. சிக்னல் கிடைப்பதோ அந்தப் பாறையில் மட்டும்.

அங்கே எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு: திறந்த எதையும் மூடாதே. மூடினால் மறுபடி திறக்குமா என்பது சாமிக்கே வெளிச்சம். பரீட்சை முடிவுப் பக்கத்தை மூன்று நாள் மூடாமல் வைத்திருந்த புத்திசாலி நான். அதனால், பைத்தானை ஏற்றுவதற்கு முன்பே திறந்த கறுப்புச் சன்னலையும் மூடவில்லை. எண்ணைக் கேட்டேன். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே பதில். மூன்றாம் தடவை அழுகையே வந்துவிட்டது. மணி நாலரை.

"தள்ளு புள்ள, நான் பாக்குறேன்" என்று ராணி கையை வைத்தாள். சன்னல் மூடிக்கொண்டது.

"கெடுத்தியேடி பாவி! ஒனக்குப் பொறாமைடி!"

அவள் வேறொரு சன்னலைத் திறந்து கேட்டாள். எண் வந்து நின்றது. பைத்தான் ஏறுவதற்கு முன்னமே திறந்து கிடக்கும் சன்னலுக்கு, அது ஏறிய சேதி எட்டாது என்பதை நான் கொச்சிக்குப் போய்த்தான் படித்தேன்.

"ஒம் பேர மொதல்ல அடி. நீதான அழுவுற."

அடித்தேன், அனுப்பினேன். அவள் பேரை அடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, சிக்னலும் போனது. மழைக்குப் போடும் கொங்காணியை லேப்டாப்புக்குப் போர்த்திவிட்டு இருவரும் நனைந்துகொண்டு நின்றோம். அவள் படம் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். "சாரமில்லடி" என்றாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் மலையில் மலையாளம்தான்.

இப்போது அங்கே அடுப்படியிலேயே சிக்னல் கிடைக்கிறது. பாறைக்கு யாரும் போவதில்லை, வழியே தூர்ந்துவிட்டது என்கிறாள் அம்மா. ராணி குமுளியில் ஒரு விடுதியில் வரவேற்பில் இருக்கிறாள். பொறாமை என்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ மொதல்ல அனுப்புடி என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போன பொங்கலுக்குக் கூப்பிட்டேன்.

எடுத்ததும், "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கேங்க" என்றேன்.