எண்ணெய்த் தலை

கோவில்பட்டிச் செக்குக்கடையில் காலித் தூக்குவாளியோடு என் முறைக்குக் காத்து நின்றேன். தகரப் புனலில் இறங்கிய நல்லெண்ணெய் வாசனை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

அப்போதும் இதே வாளிதான். கடைக்காரர் எண்ணெயை ஊற்றி முடித்ததும், விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து என் உச்சியில் தேய்த்துவிடுவார். ஒரு சொட்டுகூட வீணாகாது. பக்கத்து வீட்டுச் சரசுவுக்கு மட்டும் அவள் அப்பா மதுரையிலிருந்து பிளாஸ்டிக் பை வாங்கி வருவார். அதை ஆட்டிக்கொண்டே, "ஏட்டி, எண்ணெய்த் தலை!" என்று கத்துவாள். தெருவில் அதுவே என் பெயரானது. ஒருநாள் கிழிந்த பையை அவள் வேலியோரம் வீச, எங்கள் வெள்ளாடு அதைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. அம்மா இரண்டு நாள் உலை வைக்கவில்லை.

"அண்ணாச்சி, அரை லிட்டர் கவர்ல ஊத்துங்க." பின்னாலிருந்து வந்த குரல் என்னை நிகழ்காலத்துக்கு இழுக்க, திரும்பினேன். சரசுவேதான், வெறுங்கையோடு.

"இப்ப கவர் கெடையாதுக்கா. ஏனம் கொண்டாங்க."

சரசு என்னிடம் குழைந்தாள். "ஏட்டி, வீட்ல விருந்தாள் காத்துக் கெடக்காவ. வாளியைத் தாயேன்."

"அதுக்கென்ன, கொண்டு போ."

எனக்கு எண்ணெய் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். வாளியில் அரை லிட்டர் இறங்கியதும், விளிம்பில் வழிந்ததை வழித்து, அவள் சாயம் பூசிய உச்சியில் அழுத்தித் தேய்த்தேன். தெருக்கோடி வரை பின்னாலேயே போனேன்.

"ஏட்டி, எண்ணெய்த் தலை! சிந்தாமப் போ!"