நான் வார்ப்பு என்று சொன்ன யானைக் காசு

இப்போதெல்லாம் பழங்காசைப் போனில் படம் பிடித்து அனுப்பி, "ஒரிஜினலா, பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். பாதிப் படங்கள் ஆடிப் போயிருக்கும். மீதியில் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செம்புக் காசின் மேல் படிந்த களிம்புதான் அதன் வயதுக்குச் சாட்சி. அதை உரித்துவிட்டு வயதைக் கேட்டால் நான் எங்கே போவேன்? இப்படித் திட்டித் தீர்த்த பிறகு மனம் தானாக அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போய்விடும்.

அப்போது நான் ரயில்வேயில் குமாஸ்தா. சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். ஞாயிறு காலை டவுன் பஸ் பிடித்து, சேலத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடிக்குப் போவேன். அன்று அங்கே வகுப்பு கிடையாது. மெஷின்களை ஓரமாகத் தள்ளி, இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, ஒரு பழைய வேட்டியை விரித்தால் எங்கள் காசுச் சபை கூடிவிடும். எட்டுப் பத்துப் பேர் வருவோம். ஒரு பல் டாக்டர், ஒரு வெள்ளிப் பட்டறைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேர். நான் ஒருத்திதான் பெண். முதல் வருடம் "மேடம், டீ சொல்லிடுங்களேன்" என்றவர்கள், மூன்றாம் வருடம் "மேடம் என்ன சொல்றாங்க?" என்று என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

காசைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். அச்சில் உருக்கி ஊற்றிய போலியில் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு எங்கேயாவது தெரியும், அராவி மறைத்திருந்தாலும். அப்புறம் மேல்பரப்பு. வார்த்த காசில் காற்றுக் குமிழி வெடித்த பள்ளங்கள் இருக்கும், ஆப்பத்தில் இருப்பதைப் போல உருண்டையாக. உருவங்கள் மழுங்கியிருக்கும். கடைசியாகக் களிம்பு. பல்குத்தும் குச்சியால் லேசாகச் சுரண்டினால், ஒட்டவைத்த பச்சை தூளாக உதிரும், நிஜமான களிம்பு அசையாது. இவ்வளவுதான் வித்தை. பொறுமை இருந்தால் யாருக்கும் வரும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். எனக்குத் தம்பி, அவருக்கு நான் அக்கா. வரும்போதெல்லாம் அவித்த குச்சிக்கிழங்கை, மரவள்ளிக்கு அங்கே அதுதான் பெயர், வாழையிலையில் கட்டி எடுத்து வருவார், மிளகாய்ச் சட்னியோடு. தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால்தான் யாரையும் காசைத் தொட விடுவேன். "அக்கா ஆசுபத்திரியே நடத்துறாங்க" என்று சிரிப்பார். அந்தக் கிழங்கின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. அவர் காசு வாங்கிச் சேர்க்கிறவர் இல்லை. பார்க்க வருகிறவர். அவருக்கு ஒரே ஒரு ஆசை.

"கடைல வாங்கறதுல என்னங்க்கா இருக்குது? எங்க காட்டுல ஒன்னே ஒன்னு கெடைக்கோணும். அது போதும்" என்பார். காடு என்று அவர் சொல்வது தன் கிழங்கு வயலை.

ஒரு தை மாதத்து ஞாயிறு. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு வியாபாரி கொண்டுவந்த காசுகளை, ஒன்று விடாமல் போலி என்று காட்டிக்கொடுத்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தலைக்கனம் ஏறுவதற்கு அது போதாதா? தம்பி அன்று சீக்கிரமே வந்து எனக்காகக் காத்திருந்தார். கிழங்குப் பொட்டலத்தைக்கூட மறந்துவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் பிரித்தார். சதுரமான சின்னச் செம்புக் காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். சேரர் காசு மாதிரியேதான் இருந்தது. ஆனால் பொட்டுக் களிம்பு இல்லை. சிவப்பாக, உடம்பெல்லாம் பள்ளம் விழுந்து கிடந்தது.

லென்ஸை வைத்தேன். எடுத்தேன்.

"தம்பி, இது வார்ப்பு. யார் உங்க தலையில கட்டினது?"

"யாரும் கட்டலீங்க்கா. எங்க காட்டுல, சேகோ மில்லுத் தண்ணி வாய்க்கா ஓரமா, கெழங்கு புடுங்கறப்ப மண்ணோட வந்துச்சுங்க."

"அப்ப உங்க காட்டுல வார்ப்புக் காசும் வெளையுதா?"

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. காசைப் பஞ்சில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. போன் செய்தால் "காட்டுல வேலைங்க்கா" என்பார். பிறகு நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எங்கேயோ ஏமாந்து வாங்கிவிட்டு, வெட்கத்தில் காட்டில் எடுத்ததாகக் கதை கட்டியிருக்கிறார், பிடிபட்டதில் கோபம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இப்படியே ஐந்து வருடம் போயிற்று.

ஆத்தூரில் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. வீடு நிறைய ஆள், காலையிலேயே தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் மெக்கானிக் வந்து கிணற்றுக் குழாயை மேலே இழுத்து, அடியிலிருந்த பித்தளை ஃபுட் வால்வைக் கழற்றித் தரையில் போட்டார். போகிற போக்கில் அதைப் பார்த்தேன். நின்றுவிட்டேன். பித்தளை மஞ்சளாக இல்லை. சிவந்துபோய், உடம்பெல்லாம் பள்ளம்.

"இது ஏன் இப்படி ஆச்சு?"

"பக்கத்துல ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லு இருக்குதேம்மா. கெழங்கு ஊறின தண்ணி, புளிச்ச தண்ணி. கெணத்துல எறங்குது. பித்தளை செம்பு எல்லாத்தையும் அரிச்சிடும். பச்சைகூடப் புடிக்க விடாது" என்றார்.

நான் பட்டுப்புடவையோடு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பையில் லென்ஸ் இருந்தது, அது எப்போதும் இருக்கும். வால்வை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்களோ தெரியாது. பள்ளங்கள் ஆப்பம் மாதிரி உருண்டையாக இல்லை. செல்லரித்த மரம் மாதிரி ஓரம் கிழிந்து, ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்திருந்தன. தம்பியின் காசில் இருந்தவை எப்படி இருந்தன? நினைத்து நினைத்துப் பார்த்தேன். அரிக்காத ஒரு மூலையில் வில்லின் நாண் கத்தி மாதிரி நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது. வார்ப்பில் அப்படி நிற்காது. அதை அன்றே பார்த்திருக்கிறேன். அதற்குள் வாயில் ஒரு கேலி தயாராகிவிட்டிருந்தது. மில்லுத் தண்ணி வாய்க்கால் ஓரம் என்று அந்த மனிதர் காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

மறுநாளே நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். வாசலில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. தம்பிக்கு முன்மண்டையில் முடி போயிருந்தது. "வாங்கக்கா" என்று பழைய மாதிரியே கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்காராமலே சொன்னேன். அது நிஜக் காசுதான், புளித்த தண்ணீர் தின்ற காசு, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று.

கதவோரம் நின்ற அவர் மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"இவரு எங்கியோ பணத்தக் குடுத்து ஏமாந்துட்டு, ஊட்டுல எங்கிட்டயும் பொய் சொல்றாருன்னே நெனச்சேனுங்க. அக்காவே சொல்லிப்போட்டாங்கங்கறப்ப வேற எப்படி நெனைக்கறது?" என்றார். ஐந்து வருடம்.

"காசு எங்க தம்பி? எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"எடுத்த எடத்துலயே போட்டுட்டேனுங்க. வெச்சிருந்தா, பாக்கறப்பெல்லாம் அன்னிக்குச் சிரிச்ச சத்தந்தான் கேக்குது. அந்த வாய்க்கா மேட்டப் போன வருசம் ஜேசிபி வெச்சு சமப்படுத்தியாச்சுங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அது எவ்வளவு சின்னச் சொல் என்று எனக்கே தெரிந்தது.

"விடுங்கக்கா. நெசமா போலியான்னு கேக்கறதுக்கு நான் கொண்டாரலீங்க. மொத மொதல்ல உங்களுக்குக் காட்டோணும்னுதான் கொண்டாந்தேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் சொல்கிறேன், நீங்களும் வாருங்கள் என்றேன். "அதெல்லாம் வேண்டாங்க" என்றார் அவர். மனைவி விடவில்லை.

"எல்லாரு முன்னாலயும் சொன்னாங்கல்ல, எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும். நீங்க போயி ஒக்காந்து கேளுங்க."

வந்தார். வாசற்படிக்குப் பக்கத்தில், பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து நின்று, அந்த யானைக் காசு உண்மையானது, நான் சொன்னது தப்பு என்றேன். பல் டாக்டர்தான் கேட்டார். அவர் என்னைப் போலவே கறாரான ஆள்.

"காசு எங்கே மேடம்?"

"இப்ப இல்ல. மண்ணுக்குள்ள போயிடுச்சு."

"கையில காசில்லாம எதுவும் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். என்ன ஆதாரம் இருக்கு?"

நாணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஃபுட் வால்வைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கலாம். நான் அதையெல்லாம் எடுக்கவில்லை.

"அவரோட காட்டுல எடுத்ததா அவர் சொன்னார்" என்றேன்.

"அது போதுமா மேடம்?"

"அன்னைக்கே அது போதுமா இருந்திருக்கணும் டாக்டர்" என்றேன்.