நடுவில் இருந்த உறை

சுகாதார அலுவலகத்தில் அவளுக்குக் கூரையம்மா என்று பெயர். பல் மருத்துவமனைகளைச் சோதிக்கப் போகிற மற்றவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இவள் நேராக உள்ளே போய் நோயாளியின் நாற்காலியில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்ப்பாள். டாக்டர் நின்றபடி பார்க்கிற அறை வேறு, வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர் பார்க்கிற அறை வேறு என்பது அவள் கட்சி. விளக்கின் அடியில் காய்ந்துபோன பழுப்புத் துளி படுத்தவர் கண்ணுக்குத்தானே தெரியும்? கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சோதனைத் தாளில் கட்டம் கட்டமாக எத்தனை கேள்விகள் இருந்தாலும், அவள் மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இங்கே நான் வாயைத் திறப்பேனா? இத்தனை வருடத்தில் ஓரிடத்திலும் அவள் திறந்ததில்லை. இடது கடைவாய்ப் பல் சில மாதங்களாக விண் விண்ணென்று தெறிக்கிறது. அந்தப் பக்கம் மெல்லுவதையே விட்டுவிட்டுக் காலம் தள்ளுகிறாள்.

"ஊர்ல இருக்கிற பல் டாக்டரையெல்லாம் மிரட்டுற. உன் பல்லைக் காட்டச் சொன்னா மட்டும் நடுங்குற" என்று கணவன் கேலி செய்வான்.

நடுக்கம்தான், அதில் பொய்யில்லை. அவளுடைய அண்ணன் பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தத்தில் கிருமி ஏறி, ஈரல் கெட்டுச் செத்துப்போனான். அதே நாற்காலியில் உட்கார்ந்த இன்னும் இரண்டு பேருக்கும் அதே நோய் என்று பிறகுதான் தெரியவந்தது. கருவிகள் சரியாகக் காய்ச்சப்படவில்லை என்பது அந்த டாக்டருக்கு முன்பே தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்று அவள் போனது நூலகத்துக்குப் பின்னால் இருந்த இலவசப் பல் மருத்துவமனைக்கு. முன்னறை முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நரைத்த தலைக்காரர், அதிர்ந்து பேசாதவர். உதவியாளர், வருகிறவர்களையெல்லாம் முறை சொல்லிக் கூப்பிடுகிற பருத்த அக்கா. கூரையம்மா வழக்கம்போல் போய்ப் படுத்தாள்.

நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது. எச்சில் துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருந்தது. விளக்கின் அடிப்புறம் துடைத்து வைத்த தட்டுபோல் பளிச்சென்றிருந்தது. கூரையில் பழைய ஈரம் காய்ந்து ஒரு தடம். பார்க்கப் பார்க்க அது அசைந்தது, ஆறாகி ஓடியது. அந்த ஆற்றின் மறுகரையில் அண்ணன் நின்றான். பால் பல் விழுந்த சந்து வழியாக விசிலடித்தான். அவனுக்கு ஏழு வயதுதான், செத்துப்போனவனாகவே தெரியவில்லை. அவளும் கரையில் இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இங்கே திறக்கலாம் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, தூங்கிட்டீங்களா?" என்றார் உதவியாளர் அக்கா.

"இல்லக்கா. பார்த்துட்டிருந்தேன்."

எழுந்தபோது உடம்பே லேசாகியிருந்தது. அந்த மிதப்பிலேயே பக்கத்து அறைக்குப் போனாள். கருவிகளை ஆவியில் காய்ச்சிக் கிருமி நீக்கும் பெட்டி அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு கருவியும் ஒரு காகித உறைக்குள் இருக்கும். ஆவி சரியாகப் பட்டால் உறையின் மேலுள்ள இளஞ்சிவப்புப் பொட்டு கறுத்துவிடும். அக்கா கதவைத் திறந்தார். உள்ளே உறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முன்வரிசைப் பொட்டெல்லாம் நல்ல கறுப்பு. கூரையம்மா கையுறை மாட்டிக்கொண்டு நட்டநடுவிலிருந்து ஓர் உறையை உருவினாள்.

பொட்டு வெளிர் சிவப்பாகவே இருந்தது.

"எப்பவும் இவ்வளவு அடைச்சுத்தான் வைப்பீங்களாக்கா?"

"ஒரு மாசமா இப்படித்தான். வெளியில வலியோட உட்கார்ந்திருக்காங்களே, பார்க்கச் சகிக்கல. ரெண்டு தடவையா வைக்கிறதை ஒரே தடவையா வச்சா சீக்கிரம் ஆகும்னு…" அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. இரக்கப்பட்டுச் செய்த தப்பு.

கூரையம்மா உறையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். வாராது வந்த ஆறு, அதற்குள் வற்றிப்போய்விட்டது. "டாக்டர், இன்னைக்கு மூடிடுங்க. இந்த ஒரு மாசத்துல வந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு ரத்தம் சோதிக்கச் சொல்லணும்."

"சொன்னா அப்புறம் ஒருத்தரும் இங்க வரமாட்டாங்கம்மா" என்றார் டாக்டர்.

"வராம போகட்டும். தெரியாம போகக்கூடாது."

அவர் கையுறைகளைக் கழற்றி வைத்தார். பிறகு முன்னறைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னார். கன்னம் வீங்கிய ஓர் ஆள் டாக்டரை விட்டுவிட்டுக் கூரையம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கென்னம்மா, பல்வலின்னா என்னன்னு தெரியுமா?" அவள் நாக்கால் இடது கடைவாயைத் தடவிக்கொண்டாள். காத்திருந்தவர்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பியபோது, டாக்டர் தொலைபேசியில் முதல் ஆளிடம் பேச ஆரம்பித்திருந்தார். "தப்பு எங்க மேலதான்" என்பது வாசல்வரை கேட்டது. அந்தச் சொல்லைத்தான் அவள் அண்ணனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஒருவருக்கும் எதுவும் இல்லை என்று வந்தது. கருவிகளின் மறுசோதனையிலும் பழுதில்லை. மருத்துவமனையைத் திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டதோடு அவள் வேலை முடிந்தது. ஆனால் அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். முன்னறையில் பாதி நாற்காலிகள் காலி. தன் முறை வந்ததும் உள்ளே போய்ப் படுத்தாள்.

"இன்னைக்கு எதைச் சோதிக்கப்போறீங்க?" என்றார் டாக்டர்.

"இடது பக்கம், கீழ்க் கடைவாய். ரொம்ப நாளா வலிக்குது."

அக்கா ஓர் உறையைக் கொண்டுவந்து, பிரிக்கும் முன் அவள் கண்ணெதிரே பிடித்தார். பொட்டு நல்ல கறுப்பாக இருந்தது.

"நடுவுலேர்ந்து எடுத்தேம்மா" என்றார்.

கூரையில் தடம் அப்படியே இருந்தது. தண்ணீர் சலசலத்தது. மறுகரையிலிருந்து விசில் சத்தம் வந்ததுபோல் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.